கோடு போடாமல் உடைத்த சொல்

பிரிட்ஜின் மேல் ஒரு பேடா இருக்கிறது. ஒன்பது நாளாக அங்கேயே இருக்கிறது. எறும்பு வந்து பார்த்துவிட்டுப் போகிறது. ஏலக்காய் வாசம் இன்னும் லேசாக அடிக்கிறது. மருமகள் இரண்டு தரம் எடுத்துப் போடப் போனாள், நான் விடவில்லை. தின்னவும் மாட்டேன், எறியவும் மாட்டேன். ஒரு பொய்யை இனிப்பென்று என் உள்ளங்கையில் வைத்தார்கள், அது சாட்சிக்கு இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். அந்த வாசம் மூக்கில் ஏறும்போதெல்லாம் உங்கள் ஞாபகம் வருகிறது, டீச்சர். கோபமும் கூடவே வருகிறது.

இதைத் தமிழில் எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோதே உங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது. பாலக்காட்டுப் பேச்சைக் கடகடவென்று பேசுவீர்கள், எழுத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள், ஆனால் முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஐந்தாவது. அதனால் நான் வாசிக்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மதியம் ஒன்றிலிருந்து இரண்டு மணி வரை. நீங்கள் தயிர்சாதத்தை முடித்துக்கொண்டே கேட்கலாம்.

மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு எதிரே, மாடியில், உங்கள் டைப்பிங் இன்ஸ்டிட்யூட். பதினாறு மெஷின். காலையில் பெருக்கித் துடைத்து, மெஷின்களுக்குப் பிரஷ் போட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் எழுத்துக் கட்டைகளைத் துடைப்பது என் வேலை. நான் தாராவியிலிருந்து நடந்தே வருவேன். எனக்கும் உங்களுக்கும் ஒரே வயது, நீங்கள் நாற்காலியில் இருந்தீர்கள், நான் துடைப்பத்தோடு இருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கென்று ஜன்னல் ஓரத்தில் தனியாக ஒரு டம்ளர் வைத்திருந்தீர்கள். அதை நான் மறக்கவில்லை. ஒருநாள் அதை எடுத்து உங்கள் மேஜையில் வைத்துவிட்டு, உங்கள் டம்ளரில் நான் டீ குடித்தேன். நீங்கள் பார்த்தீர்கள். என்னுடையதை எடுத்து அதில் குடித்தீர்கள். மறுநாளிலிருந்து இரண்டு டம்ளரும் ஒரே தட்டில் இருந்தன. அதற்காக உங்களைப் புகழமாட்டேன். மூன்று வருஷம் கழித்துச் செய்தீர்கள்.

எழுத்துக் கட்டைகளைத் துடைத்துத் துடைத்தே எனக்கு இங்கிலீஷ் எழுத்து வந்தது. ஒருநாள் நான் வாய்க்குள் முனகுவதைக் கேட்டுவிட்டுப் பின்னால் வந்து நின்றீர்கள்.

"என்னடி பேச்சி, ஏபிசிடி சொல்றியா?"

"க்யூ, டபிள்யூ, ஈ, ஆர்..."

"ஐயோ! உன்னோட ஏபிசிடி எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?"

"இடப்பக்கம் மேலேருந்து. உங்களுக்கு எங்கேருந்து ஆரம்பிக்கு?"

அன்றைக்கு நீங்கள் சிரித்த சிரிப்பில் டைப் அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அதிலிருந்து நமக்குள் ஓர் ஏற்பாடு. மதிய வேளையில் வாரப் பத்திரிகைத் தொடர்கதையை நான் உங்களுக்கு வாசிப்பேன். நீங்கள் எனக்கு நாளுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்வீர்கள். கதாநாயகியை மாமியார் கொடுமைப்படுத்தும் இடத்தில் நான் வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, "இப்ப உங்க வார்த்தையைச் சொல்லுங்க" என்பேன். "கிராதகி" என்று திட்டிக்கொண்டே சொல்வீர்கள்.

அப்படித்தான் இன் என்கிற இங்கிலீஷ் துண்டு என்னிடம் வந்து சேர்ந்தது.

மெஷினில் வரி முடியப் போகும்போது மணி அடிக்கும். மணி அடித்தால் இன்னும் ஏழெட்டு எழுத்துக்குத்தான் இடம். வார்த்தை நீளமாக இருந்தால் உடைத்து, ஒரு சின்னக் கோடு போட்டு, மிச்சத்தை அடுத்த வரியில் அடிக்கவேண்டும். பிள்ளைகள் கண்ட இடத்தில் உடைப்பார்கள். நீங்கள் பென்சிலால் விரல் கணுவில் தட்டுவீர்கள். "உடைக்கறதுன்னா மூட்டுல உடை, எலும்புல உடைக்காதே!"

"டீச்சர், கோழி வெட்டுதவ மாதிரிப் பேசுதீய" என்று நான் மூலையிலிருந்து சொன்னேன். முட்டை வாசத்துக்கே ஜன்னலைத் திறப்பவர் நீங்கள். உங்கள் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஆனால் மூட்டு எது என்று அன்று மதியம் எனக்குச் சொன்னீர்கள். இங்கிலீஷ் வார்த்தைக்கு முன்னால் சின்னதாக ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு வரும், அது முடிகிற இடம்தான் மூட்டு. இன் என்று ஒரு துண்டு. அது வந்தால் இல்லை என்று அர்த்தம். கரெக்ட் என்றால் சரி, இன்கரெக்ட் என்றால் சரியில்லை. அதே துண்டு எல் எழுத்துக்கு முன்னால் இல் ஆகும், எம், பி எழுத்துகளுக்கு முன்னால் இம் ஆகும், ஆர் எழுத்துக்கு முன்னால் இர் ஆகும். லீகல், இல்லீகல். பாசிபிள், இம்பாசிபிள். ரெகுலர், இர்ரெகுலர்.

"எதுக்கு இத்தனை வேஷம்?" என்று கேட்டேன்.

"நாக்குக்குச் சோம்பல், கேட்டியா. இன்லீகல்னு சொல்லிப்பாரு, முட்டறது."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மரம் என்கிறோம், கள் சேர்த்தால் மரம்கள் என்கிறோமா? மரங்கள்தானே. அதைச் சொன்னேன். நீங்கள் தயிர்சாதக் கையை அந்தரத்தில் நிறுத்தி, "இது எனக்குத் தோணவே இல்லையே" என்றீர்கள். இது எந்த ஊர்ப் பாஷை என்று கேட்டதற்கு லத்தீன் என்றீர்கள், அதைப் பேசுகிற ஊரே இப்போது கிடையாது என்றீர்கள். செத்த பாஷை வந்து உயிரோடு இருக்கிறவர்களைப் பார்த்து இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

இனிமேல்தான் நம் சண்டை.

செம்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை வந்தது. நிரந்தர வேலை. முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து சர்ட்டிபிகேட் கொண்டு வரச் சொன்னார்கள். நீங்கள் புது ரிப்பன் போட்டு, நல்ல தாளில், நீங்களே உட்கார்ந்து அடித்தீர்கள். நடுவில் மணி அடித்தது, எனக்குக் கேட்டது. கையெழுத்துப் போட்டு உறையில் வைத்துக் கொடுத்தீர்கள். ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி, கம்பியோரமாக நின்று பிரித்தேன். என் பெயர் தெரிந்தது. சர்வீஸ் தெரிந்தது. வரியின் கடைசியில் இன், ஒரு கோடு. அடுத்த வரியில் வேல்யுபிள். வேல்யூ என்றால் மதிப்பு. நகைக்கடைக்காரன்கூடச் சொல்கிற வார்த்தை அது. அதற்கு முன்னால் இன். மூட்டில் சரியாக உடைத்திருந்தீர்கள்.

மதிப்பில்லாதவள். பதினோரு வருஷம் உங்கள் மெஷினுக்குத் தூசி தட்டியவளுக்கு நீங்கள் கொடுத்த பட்டம்.

மேலே வந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்கிற ஆளா நான்? காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்தேன், மறுநாள் செம்பூருக்கு வெறுங்கையோடு போனேன். சர்ட்டிபிகேட் இல்லை என்றேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பொம்பளைக்கு அந்த வேலை போயிற்று. நான் மசூதிப் பக்கத்துத் தோல் பட்டறையில் பெருக்கப் போனேன். ஆறு வருஷம் உங்கள் படியில் கால் வைக்கவில்லை. காய்கறி வாங்க மாட்டுங்காவுக்கு வந்தால்கூட எதிர்ச் சாரியில் நடந்தேன்.

ஆறாம் வருஷம் மழைக்காலத்தில் குடையோடு எங்கள் கல்லிச் சந்துக்குள் வந்தீர்கள். சேலையை ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யார் யாரிடமோ வழி கேட்டு. நான் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"பேச்சி, செம்பூர்ல நீ சேரவே இல்லையாமே? என்ன ஆச்சு? நான் அவ்வளவு நன்னா எழுதிக் கொடுத்தேனே?"

"மதிப்பில்லாதவ வீட்டுக்கு எதுக்கு வந்திய? தண்ணி கிடக்கு, வழுக்கும், பாத்துப் போங்க."

"என்னது? யாரு மதிப்பில்லாதவ?"

உள்ளே போய்க் காகிதத்தை எடுத்து வந்து, மீன் கையோடே உங்கள் முகத்துக்கு முன்னால் விரித்தேன். வாசித்தீர்கள். சிரிக்க ஆரம்பித்தீர்கள். அப்புறம் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆகி, எங்கள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"அடி அசடே! இன்வேல்யுபிள்னா விலை மதிக்கவே முடியாதவள்னு அர்த்தம். வைரம் மாதிரி! இதை ஏண்டி என்கிட்ட வந்து கேக்கலை?"

"இன்னுன்னா இல்லைன்னு சொல்லித் தந்தது யாரு? நீங்கதானே? அது இப்படியும் வரும்னு ஒரு வார்த்தை சொன்னியளா? ஆறு வருஷம் தோல் நாத்தத்துல கிடந்தது நானாக்கும்."

"இங்கேயும் இல்லைதான். மதிப்புப் போட முடியாது. போட்டா அடங்காது."

"அப்ப ரெண்டும் இல்லைதான். ஒரு இல்லை சாக்கடையில தள்ளுது, ஒரு இல்லை சிம்மாசனத்துல வைக்கி. எது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

குடையின் நுனியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தீர்கள். பிறகு மெதுவாக, இன் என்று இன்னொன்றும் இருக்கிறது என்றீர்கள். அது உள்ளே என்கிற இன். இன்கம், இம்போர்ட். அதுவும் அதே மாதிரி இம் என்று வேஷம் போடும். இம்பாசிபிள் என்பதில் இல்லை, இம்போர்ட் என்பதில் உள்ளே. பார்த்தால் ஒரே முகம், இரண்டு ஆள்.

நான் மீனை அலசிக்கொண்டே சொன்னேன்: "இதுல என்ன அதிசயம்? நம்ம இல் மட்டும் என்னவாம்? வீட்டில்னா உள்ள. இல்லைன்னா இல்லை. இல்லம்னா வீடே அதுதான். இல்லம், இல்லை, கடைசிதான் வித்தியாசம்."

நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "நீ நாற்காலியில உக்காந்திருக்கணும், நான் பெருக்கியிருக்கணும்" என்றீர்கள். நான் அதற்குச் சமாதானமாகவில்லை. டீ கொடுத்தேன். அதோடு சரி.

ஆனாலும் அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தேன், வாசித்தேன், நீங்கள் வார்த்தை சொன்னீர்கள். பிறகு உங்கள் மருமகன் உங்களைப் பம்பாய்க்கு வெளியே நெருளுக்குக் கூட்டிப் போனான். போன வருஷம் நீங்கள் போய்ச் சேர்ந்த சேதி பத்தாம் நாள் காரியமும் முடிந்த பிறகு, பூக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு ஒரு போன் செய்யவேண்டும் என்று உங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. நீங்களாவது என் நம்பரை எங்காவது பெரிதாக எழுதி வைத்திருக்கலாம். இதையும் நான் மறக்கமாட்டேன்.

சரி, பேடாவுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கமெல்லாம் இடித்துக் கட்டப் போகிறார்கள். யார் யாருக்குப் புது வீடு, யாருக்கு இல்லை என்று சர்வே எடுத்தார்கள். வீட்டு வாசலில் நம்பர் எழுதினார்கள், காகிதங்களைப் போட்டோ பிடித்துக்கொண்டு போனார்கள். நாற்பத்தெட்டு வருஷமாக நான் இருக்கிற வீடு. என் பிள்ளை பிறந்தது இங்கே, அவன் அப்பா செத்தது இங்கே. ஒன்பது நாளைக்கு முன்னால் லிஸ்ட் போனில் வந்தது. எங்கள் கல்லியில் பதினேழு வீட்டுக்கு நேரே, குறுகலான கட்டத்துக்குள், மேல் வரியில் ஐ, என் என்று இரண்டு எழுத்து. கீழ் வரியில் எலிஜிபிள்.

எலிஜிபிள் என்ற வார்த்தை தாராவியில் இப்போது குழந்தைக்கும் தெரியும். புது வீடு உண்டு என்று அர்த்தம். கமிட்டிக்காரன் செல்வராஜ், நான் மூக்குச் சிந்திவிட்ட பயல், இப்போது மீசையும் பைக்குமாக இருக்கிறான், அவன்தான் பேடா பெட்டியோடு வந்தான்.

"ஆச்சி, வாயைத் திறங்க! நம்ம கல்லி முழுக்க இன் எலிஜிபிள்!"

"அதென்னலே இன்?"

"அதான் விஷயமே. சும்மா எலிஜிபிள்னு போட்டிருக்கவங்களை வெளிய தூரமா அனுப்பிருவாங்க. நமக்கு இன். தாராவிக்கு உள்ளயே வீடு. பக்கா! டென்ஷனே எடுக்காதீங்க."

போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். டீச்சர், உங்கள் பென்சில் என் கணுவில் பட்டது போலிருந்தது. மூட்டில்தான் உடைந்திருந்தது. ஆனால் கோடு இல்லை.

"ஏல, இது ரெண்டு வார்த்தை இல்ல, ஒரே வார்த்தை. கோடு போடாம உடைச்சிருக்கான். இது உள்ள இல்ல, இல்லை."

கூட்டம் சிரித்தது. "ஆச்சி என்ன சொல்லுதாக? உள்ள இல்லையா, இல்லை இல்லையா?" என்று ஒருத்தி கேட்க, இன்னும் சிரித்தார்கள். என் பேத்தி பிரியா பன்னிரண்டாவது படிக்கிறாள். அவளே, "ஹைஃபன் இல்லையே ஆச்சி. நடுவுல ஸ்பேஸ் இருந்தா ரெண்டு வேர்ட்தான்" என்றாள். போனில் அந்த இரண்டு வார்த்தையையும் போட்டுத் தமிழில் கேட்டாள். போன் 'தகுதியில்' என்று சொல்லிற்று.

"பாத்தீங்களா ஆச்சி? தகுதியில்! தகுதிக்கு உள்ள!" என்று செல்வராஜ் குதித்தான்.

"தகுதியில்... லை. மிச்சத்தை உன் போன் முழுங்கிட்டு" என்றேன். யாரும் கேட்கவில்லை. என் கையில் பேடாவை வைத்து, என் விரல்களையும் அவனே மடக்கிவிட்டுப் போனான்.

அடுத்த வீட்டுத் தங்கத்தின் கட்டத்துக்குப் பக்கத்தில் மட்டும் இன்னொரு வார்த்தை இருந்தது. செல்வராஜ் அவளிடம், அதுவும் எலிஜிபிள்தான், டைப்பிங் மிஸ்டேக் என்று சொல்லியிருந்தான். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். இல்லெஜிபிள் காப்பி. தங்கத்தின் ரேஷன் கார்டு வெள்ளத்தில் ஊறினது, அதை ஜெராக்ஸ் எடுத்தால் கறுப்பாக மேகம் மாதிரிதான் வரும். வாசிக்க முடியாத காப்பி. இல். அதே ஆள், எல் முன்னால் போடுகிற வேஷம். எனக்குச் சந்தேகமே போய்விட்டது. அன்றைக்கு நீங்கள் சொன்ன நாலு வேஷத்தில் இரண்டு ஒரே லிஸ்ட்டில் வந்து நின்று என்னை முறைத்தன. கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் பிரியாவை வாசிக்கச் சொன்னேன். ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளைக்குள் கொடுக்கவேண்டும். அதில் ஏழு நாள் முன்னமே போயிருந்தது. பேடா தின்றுகொண்டே மிச்ச எட்டையும் போக்கினால், பதினேழு வீடும் ரோட்டில்.

என் மகன் என்னைப் பார்த்துக் கத்தினான். "அம்மா, நல்லது நடக்கும்போது வாயை வைக்காத. செல்வராஜ் கேட்டுட்டுத்தான் சொல்லுதான்." யாரிடம் கேட்டான்? இன்னொரு கமிட்டிக்காரனிடம் கேட்டிருக்கிறான். அவன் இன்னொருத்தனிடம். போய் நேரில் கேட்க ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. இனிப்பைத் தின்ற வாயால் கேட்கப் பயம். அது எனக்குத் தெரியும் டீச்சர். நானும் ஒரு தரம் கேட்காமல் வந்தவள்தான். அந்தக் காகிதம் கசப்பு, இது இனிப்பு. கேட்காத குற்றம் ஒன்றுதான். ஆறு வருஷத்தைத் தின்ற குற்றம்.

மறுநாள் பிரியாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சர்வே எடுத்த ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் ஒரு மராத்திப் பெண், பிரியாவைவிட நாலு வயது மூத்தவளாக இருப்பாள்.

"காய் ஜாலா, ஆஜி?"

என்ன ஆச்சு பாட்டி என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். வீட்டு நம்பர் சொன்னேன். இது என்ன வார்த்தை, உன் வாயால் சொல்லு என்றேன். அவள் கம்ப்யூட்டரைத் தட்டினாள். அவளுடைய திரையில் மராத்தியில் இருந்தது. தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"அபாத்ர."

பாத்ர என்றால் தகுதி உண்டு. அது தெரியாதவர்கள் பம்பாயில் கிடையாது. அதற்கு முன்னால் ஒரு அ. பிரியா எட்டி அந்தத் திரையைப் பார்த்தாள். எனக்கு அழுகை வரவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் சொன்னது சரி. அப்புறம்தான் பதினேழு வீடும் ஞாபகத்துக்கு வந்தது.

"மகளே, இதுல எதுக்கு நடுவுல இடம் விட்டீங்க?" என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. "சேர்த்து அடிக்கணும், இல்லைன்னா கோடு போடணும்" என்று கையால் காட்டினேன். ஆட்சேபத்துக்கான பாரங்களை எடுத்து நீட்டினாள். "எத்தனை, ஆஜி?" பதினேழு என்றேன்.

அடுத்த நாள் விடியற்காலை தண்ணீர் வருகிற நேரத்துக்குக் குழாயடியில் போய் நின்றேன். அப்போதுதான் கல்லி மொத்தமும் ஒரே இடத்தில் இருக்கும். செல்வராஜும் லுங்கியோடு ட்ரம் நிரப்பிக்கொண்டிருந்தான்.

"ஏல செல்வராஜு, நியாயம்னா என்ன?"

"காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்களா ஆச்சி?"

"சொல்லுல. நியாயத்துக்கு முன்னால அ போட்டா?"

"அநியாயம்."

"அவசியத்துக்கு முன்னால?"

"அநாவசியம். இப்ப நீங்க பேசுறது."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"பாத்ரவுக்கு முன்னால அ போட்டா?"

சிரிப்பு நின்றுவிட்டது.

"ஆபீஸ்ல அந்தப் பிள்ளை திரையைப் பாத்துச் சொன்னா. பிரியாவும் கேட்டா. அபாத்ர. அந்த அ-தான் இந்த இன். முந்தாநாளே சொன்னேன், பல்லைக் காட்டுனிய."

ட்ரம் நிரம்பி வழிந்து செல்வராஜின் காலை நனைத்தது. குழாயை மூட ஒருவருக்கும் தோன்றவில்லை. தங்கம் தரையில் உட்கார்ந்து, "நான் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிட்டேனே" என்று அழுதாள். ஒரு கிழவர் செல்வராஜை அடிக்கப் போனார். நான் நடுவில் போய் நின்றேன். அவன்மேல் பாசத்தால் இல்லை, டீச்சர். பதினேழு பாரத்தையும் இங்கிலீஷில் நிரப்பக் கையெழுத்து நன்றாக இருக்கிறவன் அவன் ஒருத்தன்தான். அதோடு, ஒரு துண்டைத் தப்பாகப் புரிந்துகொண்டவனை அடிப்பதென்றால் முதலில் என்னை அடிக்கவேண்டும்.

"அழுதது போதும். எட்டுல இன்னும் ஆறு நாள் கிடக்கு. அவுக இல்லைன்னு சொன்னா நாம சரின்னு சொல்லணுமா? கரண்ட் பில்லு, பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, எது கிடக்கோ எடுங்க."

ஆறு நாளும் கல்லியில் ட்ரங்குப் பெட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. செல்வராஜ் தன் கடையைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து பாரம் பாரமாக எழுதினான். ஒரே ஒருமுறை மட்டும், பேனாவை நிறுத்திவிட்டு, "ஆச்சி, இன்கம்ப்ளீட்னா?" என்று கேட்டான்.

"நீயே சொல்லு."

"முழுசா... இல்லை."

"எழுது."

நேற்று கடைசி நாள். பதினேழு வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. அன்றைக்குக் கவுண்டரில் வேறு ஒரு ஆள். கண்ணாடி போட்டவர். ஓரத்தில் இருந்த தட்டைக் காட்டி, அதில் போட்டுவிட்டுப் போங்கள், பிறகு பார்க்கிறோம் என்றார். நல்லது என்று இரண்டு பேர் திரும்பக்கூடச் செய்தார்கள்.

நான் தட்டில் போடவில்லை. "சிக்கா மாரோ, சாப்" என்றேன். முத்திரை குத்து. நாளைக்குப் பேப்பரே வரவில்லை என்று சொன்னால் நான் எங்கே போவேன்? அவர் சாப்பாட்டு நேரம் என்றார். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், நிற்கிறேன் என்றேன். எனக்குப் பின்னால் பதினாறு பேர் நின்றார்கள். அவர் என்னைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், டிபன் டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டு மேஜை டிராயரைத் திறந்தார். மைப்பெட்டியில் ஒற்றி, என் பாரத்தின் நகலில் ஓங்கி ஒரு குத்து. ஊதா நிறம். நம்பர் எழுதி, தேதி போட்டுக் கொடுத்தார்.

தங்கம் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். இந்த ஒன்பது நாளில் அவளுக்கு அந்த இரண்டு எழுத்து மட்டும் நன்றாகத் தெரிந்துவிட்டது.

"ஆச்சி! மறுபடியும் இன்னு குத்திட்டாரே! ஐயோ, இதுவும் இல்லையா?"

வரிசை முழுக்க அப்படியே நின்றது. செல்வராஜ் படிக்கத் தெரிந்தவன், அவனும் என் முகத்தைத்தான் பார்த்தான். நான் காகிதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். நடுவில் இடம் இல்லை. எழுத்துகள் எல்லாம் தோளோடு தோள் ஒட்டி நின்றன. இன்வர்ட்.

"இது மத்த இன் தங்கம். இது உள்ள. நம்ம பேப்பர் உள்ள போயிட்டு."

பதினேழு குத்தும் விழுவதற்குள் அவருடைய சாப்பாடு ஆறிப்போயிற்று.

விசாரணைக்கு இன்னும் கூப்பிடவில்லை, டீச்சர். கூப்பிட்டால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. இன்சஃபிசியண்ட் என்பார்கள், இன்வேலிட் என்பார்கள், அந்தச் செத்த பாஷை இன்னும் எத்தனை வேஷம் போட்டுக்கொண்டு வரும் என்று நீங்கள் எனக்கு முழுதாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது, இருக்கட்டும், அதுவும் உங்களிடமிருந்து வந்ததுதான். ஆனால் ஒன்றை இனி நான் விடமாட்டேன். புரியாத எந்த வார்த்தையையும் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கமாட்டேன். அவர்கள் இன் என்று ஆரம்பித்தவுடன் மேஜையில் கையை ஊன்றி, எந்த இன் என்று கேட்பேன். பதில் வருகிறவரை உள்ளேயே நிற்பேன்.